கட்டணம் முன்னரே செலுத்தியாயிற்று!

(பூண்டுலோயாவில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இக்கூட்டத்திற்கு வந்திருக்கும் தாய்மார்களே! மரக்கறிச் செய்கையாளர்களே! ஆசிரியப் பெருமக்களே! மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் கணக்காளர்களாகவும் பணிபுரிந்து, விடுமுறையில் ஊர் திரும்பியிருக்கும் இளைஞர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு வினாவில் அடங்கும். பொதுப்பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழகங்களிலே குறைந்த கட்டணத்தில், அல்லது கட்டணமே இன்றி, கற்கும் உரிமை எவர்க்கு உண்டு?

இந்த வினா இப்பொழுது ஏன் எழுகின்றது? கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என 2022ஆம் ஆண்டு இந்நாடு உலகிற்கு அறிவித்த நாள் தொட்டு ஒரு வாதம் வலுப்பெற்று வருகின்றது. திறைசேரி வெறுமையாக இருக்கின்றதாம். எல்லோர்க்கும் இலவசமாக உயர்கல்வி வழங்க இயலாதாம். தகுதியுள்ளவர்க்குச் சலுகை கொடுத்து, ஏனையோரிடம் கட்டணம் அறவிட வேண்டுமாம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயின், வழக்கில் இறங்கும் முன் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வது எங்கள் தொழிலின் முறை. ‘தகுதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் பெற்ற புள்ளி ஒரு தகுதி. ஒரு பொருளுக்கு விலை கொடுத்தவன் அப்பொருளைக் கேட்டுப் பெறும் உரிமை மற்றொரு தகுதி. முதலாவதைப் பற்றிக் கொழும்பிலே நாள்தோறும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசவே நான் பூண்டுலோயாவிற்கு வந்திருக்கின்றேன்.

யார் கொடுத்த பணம்?

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையிலான விசேட குழு 1943ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆசியாவிலே வேறு பல நாடுகள் கனவிலும் எண்ணாத ஒரு காரியம் அது. கன்னங்கரா அவர்களை நாமும் நன்றியோடு நினைவுகூருகின்றோம்.

ஆயின், அத்திட்டத்தை எதிர்த்தவர்கள் அன்று கேட்ட கேள்வி ‘பணம் எங்கே?’ என்பது. பணம் எங்கே இருந்தது என்பதை உங்கள் பாட்டன்மார் அறிவர். தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று பயிர்களே அந்நாளில் இலங்கையின் ஏற்றுமதியில் மிகப் பெரும் பகுதி. அவற்றின் மீது விதித்த தீர்வையும், அவற்றை விற்றுப் பெற்ற அந்நியப் பணத்தால் இறக்குமதியான பொருள்களின் மீது விதித்த தீர்வையும் திறைசேரியை நிரப்பின. அந்தப் பணத்திலிருந்தே பாடசாலைகள் எழுந்தன. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனையில் குடியேறியது. கம்பளை வழியே பேருந்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் அதன் வாயிலை அடையலாம். அந்த வாயிலின் கல்லிலும் சுண்ணாம்பிலும் இந்த மலைச்சரிவில் கொழுந்து கொய்த கைகளின் பங்கு உண்டு. இதனை நன்றியுணர்ச்சியைத் தூண்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகின்றேன், அவ்வளவே.

பணம் தந்தவர்க்குக் கிடைத்தது என்ன? இலவசக் கல்வி பிறந்து மூன்றே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவிற்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனத் தலைகளை எண்ணிப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரையில் இந்தக் கணக்கு முற்றாகத் தீரவில்லை.

தோட்ட எல்லையில் நின்ற இலவசம்

பிரசாவுரிமை ஒரு புறம் இருக்க, பாடசாலையின் கதையைப் பாருங்கள். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. கூலிக்கு ஆள் தேவைப்பட்ட நிருவாகத்திடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தால் என்ன நேரும்? ஒரே ஆசிரியர், ஒரே கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி என்பதே பல தோட்டங்களில் நிலையாயிற்று. 1960ஆம் 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது. தோட்டப் பாடசாலைகளை அது தொடவில்லை. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1977ஆம் ஆண்டு முதல், படிப்படியாகத் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன.

நாட்டின் ஏனைய பிள்ளைகள் 1945இல் ஏறிய வண்டியிலே நம் பிள்ளைகள் ஏறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் அது. பிற ஊர்களில் பாட்டன் ஆசிரியர், தந்தை எழுதுவினைஞர், மகன் மருத்துவர் எனப் படியேறிய காலத்திலே, இங்கே பாட்டனும் தந்தையும் மகனும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்றார்கள். இன்று நம்மிடையே பட்டதாரிகள் பலர் இருக்கின்றார்கள். இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றீர்கள். உங்களிற் பெரும்பாலோர் உங்கள் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். அந்தப் பெருமை உங்களுடையது. முதற் பட்டதாரி இத்தனை காலந் தாழ்த்தி வந்ததற்குரிய பொறுப்பு மட்டும் உங்களுடையதன்று.

ஆகவே, ‘இலவசம்’ என்று சட்டம் சொல்லும்போது, எந்த வாயிலில் இலவசம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பல்கலைக்கழக வாயிலிலே கட்டணச் சீட்டுக் கேட்கவில்லை, உண்மை. ஆனால் அவ்வாயிலை அடைவதற்கு முன் பதின்மூன்று ஆண்டுக் கல்வி என்னும் பாதை இருக்கின்றது. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் இம்மலைகளிலே மிகச் சில. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பள்ளியின் மாணவன் தனியார் வகுப்பை நாடி நகரத்திற்குச் செல்லவேண்டும். அதற்குப் பேருந்துக் கட்டணம், வகுப்புக் கட்டணம், விடுதிச் செலவு. பதின்மூன்றாம் வகுப்பு வரை கட்டணம் செலுத்தியவனுக்கே கட்டணமில்லாப் பல்கலைக்கழகம் கிட்டுமாயின், அதனை இலவசக் கல்வி என்று எவ்வாறு அழைப்பது?

செல்வர் பிள்ளைக்கும் இலவசமா?

எதிர்த்தரப்பு வாதத்தை நேர்மையாக எடுத்து ஆராய்வது நம் கடமை. அவர்கள் கூறுவது இது: கொழும்பில் இரண்டு மோட்டார் வண்டி வைத்திருப்பவரின் மகளும் மருத்துவக் கல்லூரியில் காசின்றிக் கற்கின்றாள், அச்செலவை ஏழைத் தொழிலாளியின் வரியும் சேர்ந்தே தாங்குகின்றது, ஆகவே செல்வரிடம் கட்டணம் வாங்கி ஏழைக்குக் கொடுப்பதே நீதி.

இதில் ஓர் உண்மை இருக்கின்றது. நம் அரசின் வரி வருமானத்திற் பெரும்பகுதி மறைமுக வரியாகவே வருகின்றது. 2024ஆம் ஆண்டு சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. சவர்க்காரக் கட்டியிலும் பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டிலும் அந்த வரி ஒளிந்திருக்கின்றது. லயத்து அறையில் வாழும் தாயும் அதனைச் செலுத்துகின்றாள். மாளிகையில் வாழ்பவரும் அதே வீதத்தில் செலுத்துகின்றார். நோயை அவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கின்றார்கள். மருந்துதான் பிழை. செல்வரிடம் கூடுதலாகப் பெற வேண்டுமாயின், வருமான வரி என்றொரு வழி இருக்கின்றது. அதைச் செம்மையாக அறவிடும் துணிவு வேண்டும். கல்லூரி வாயிலிலே பணப்பெட்டி வைப்பது அதற்கு மாற்றாகாது.

ஏன் என்பதற்கு வெளியுலகின் அனுபவமே சான்று. இங்கிலாந்திலே 1998ஆம் ஆண்டு ஆயிரம் பவுண் என்று தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பு 2012இல் ஒன்பதாயிரம் பவுண் ஆயிற்று. பதினான்கு ஆண்டுகளில் ஒன்பது மடங்கு. சிறு வாய்க்காலாக வெட்டிய கட்டணம் ஆறாகப் பெருகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா? அதே காலத்திலே ஜேர்மனியின் மாநிலங்கள் பல, கட்டணத்தை விதித்துப் பார்த்து, வேண்டாமென ஒவ்வொன்றாக நீக்கின. 2014ஆம் ஆண்டு கடைசி மாநிலமும் நீக்கிவிட்டது.

நம் நாட்டிலும் பாடம் இருக்கின்றது. பணம் செலுத்துவோர்க்கென எழுந்த வடகொழும்பு மருத்துவக் கல்லூரியை மாணவர் கிளர்ச்சியின் பின் 1989இல் அரசாங்கம் கையேற்றது. மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவ நிறுவனமும் நெடும் போராட்டத்தின் பின் 2018இல் மூடப்பட்டது. இரண்டு முறையும் கேள்வி ஒன்றுதான்: இடத்தை நிர்ணயிப்பது திறமையா, பணப்பையா?

ஆகவே என் நிலைப்பாடு தெளிவானது. அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமின்மை என்பது பொதுவுடைமை. அதனைத் துண்டாடக் கூடாது. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்படும் பொருள் நாளடைவில் தரங்குறைந்த பொருளாகிவிடும். அன்று தோட்டப் பாடசாலைக்கு நேர்ந்ததும் அதுவேயன்றோ!

மாவட்டம் என்னும் அளவுகோல்

இவ்விடத்தில் ஒரு நண்பர் கேட்கலாம்: ‘பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஏற்கெனவே சலுகை இருக்கின்றதே?’ இருக்கின்றது. கலைப்பிரிவு நீங்கலாக ஏனைய பெரும்பாலான துறைகளிலே 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட மக்கட்டொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் அடங்கும். மாவட்ட முறை சமத்துவ விதிக்கு முரணானதன்று என்பதனை, செனவிரத்ன என்பார் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிற்கு எதிராகத் தொடுத்த வழக்கிலே, 1980ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 1971இல் மொழிவாரியாக வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்க்கு இழைத்த அநீதியை நாம் மறக்கவில்லை. ஆயினும் இடத்தின் பின்னடைவைக் கணக்கிலெடுக்கும் கொள்கை தன்னளவிற் தவறானதன்று.

ஆனால் மாவட்டம் என்பது மிகப் பெரிய முறம். அதிலே நெல்லும் பதரும் ஒன்றாகவே கிடக்கும். நுவரெலியா நகரின் வசதியான பாடசாலை மாணவனும், மழைக்காலத்தில் மூன்று மைல் நடந்து வரும் டன்சினன் பக்கத்துத் தோட்ட மாணவியும் ஒரே மாவட்டத்தவரே. சலுகை மாவட்டத்தின் பெயரால் வருகின்றது. அதைப் பெறுபவர் அம்மாவட்டத்திற் சிறந்த வசதியுடையவர். மலையகத்தின் பெயரில் எழுதிய காசோலை மலையகப் பிள்ளையின் கையை எட்டுவதில்லை.

உதவிப்பணத்திலும் இதே சிக்கல். 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மகாபொல புலமைப்பரிசில் நல்ல திட்டம். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதனை, 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தரை நாட் கூலி! அறை வாடகைக்கும் உணவிற்கும் புத்தகத்திற்கும் போதாத மீதியை வீடே அனுப்ப வேண்டும். எந்த வீடு? சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதியும் கடனும் கழித்து, எஞ்சியதைக் கொண்டு அடுப்பெரிக்கும் வீடு.

இன்னொன்றும் சொல்வேன். பெற்றோரின் வருமானத்தை அளந்து உதவி வழங்கும்போது, தொழிலாளியின் வருமானம் கடைசி ரூபாய் வரை சீட்டிலே பதிந்திருக்கும். வியாபாரியின் வருமானம் அவர் சொல்வதுதான். மரக்கறி விவசாயியின் நிலை வேறு. கரட்டும் லீக்ஸும் நல்ல விலை போன ஆண்டின் கணக்கை வைத்து அவரைச் செல்வர் என்று எழுதிவிடுவார்கள்; உருளைக்கிழங்கு அழுகிய ஆண்டிலே மகனின் படிப்பு நின்றுவிடும். ஓராண்டின் வருமானத்தைப் பார்ப்பது நியாயமான அளவை ஆகாது.

எதைக் கொண்டு அளப்பது?

அவ்வாறாயின் நியாயமான அளவுகோல் எது? தமிழ்நாட்டைப் பாருங்கள். 2010ஆம் ஆண்டு முதல் அங்கே, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற்குச் செல்லும் பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு அரசுப் பள்ளியில் பயின்ற மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 வீதம் ஒதுக்கிச் சட்டம் இயற்றினார்கள். மறு ஆண்டு அதனைப் பொறியியல், வேளாண்மை முதலிய துறைகளுக்கும் விரித்தார்கள். அம்மாணவரின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022இல், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. அங்கே கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள்: எந்தப் பள்ளியில் படித்தாய்? உனக்கு முன் உன் வீட்டில் எவரேனும் கல்லூரிக்குச் சென்றதுண்டா? இவ்விரண்டையும் ஒளித்தல் அரிது.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலே உள்ளூர் மாணவர்க்குக் குறைந்த கட்டணம். வெளியாருக்குக் கூடிய கட்டணம். குடியேற்ற ஆவணமில்லாத பெற்றோரின் பிள்ளை எந்த வகை? 2001ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டம் விடை கூறியது: அங்கே மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறியவர், ஆவணம் எதுவாயினும், குறைந்த கட்டணத்திற்கு உரியவர். அதே ஆண்டு டெக்சாஸ் மாநிலமும் அவ்வாறே சட்டம் செய்தது. 2025இல் நீதிமன்ற ஆணையொன்றால் அது அங்கே செயலிழந்தது. சட்டத்தாற் கிடைத்த சலுகையைக் காவல் செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அதுவே பாடம். ஆயினும் கலிபோர்னியா வகுத்த கொள்கை நமக்கு மிக நெருக்கமானது. ஒருவன் கையிலுள்ள கடதாசியைப் பாராமல், அவன் எந்த மண்ணில் பயின்று வளர்ந்தான் என்று பார்ப்பதே அக்கொள்கை. கடதாசியின் பெயரால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திற்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

நம் கோரிக்கைகள்

முதலாவது: அரச பல்கலைக்கழகங்களிலே கட்டணமின்மை தொடர வேண்டும். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம் வரை ஒதுக்க வேண்டுமென 2015ஆம் ஆண்டு இஞ்சியோன் பிரகடனம் வழிகாட்டியது. நம் நாட்டின் ஒதுக்கீடு அதன் பாதியைத் தொடுவதே அரிதாக இருந்து வந்துள்ளது. பற்றாக்குறையின் ஊற்று அங்கே இருக்கின்றது. மாணவனின் சட்டைப்பையிலே தேடுதல் வீண்.

இரண்டாவது: பின்தங்கிய மாவட்டம் என்பதனுள், பின்தங்கிய பாடசாலை என்னும் அளவையும் சேர்க்கப்படல் வேண்டும். தோட்டப் பாடசாலையிற் கல்வி தொடங்கிய பிள்ளைக்கும், குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கும் அவ்விடங்களில் முன்னுரிமை வேண்டும்.

மூன்றாவது: பல்கலைக்கழக அனுமதிக்குத் தகைமை பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. ஏனையோர்க்கென 2017ஆம் ஆண்டு வட்டியில்லாக் கடன் திட்டம் வந்தது. நல்லது, ஆனால் வங்கியின் முன் பிணைநிற்க ஆள் வேண்டும். நிலவுறுதி இல்லாத லயத்து அறையில் வாழ்பவர்க்குப் பிணைநிற்பவர் யார்? அவுஸ்திரேலியாவில் 1989 முதல் நடப்பதுபோல், பிணை கேளாது, வேலை கிடைத்தபின் வருமானத்திற்கு ஏற்பத் திருப்பிப் பெறும் முறை இங்கும் வேண்டும்.

நான்காவது சட்டம் பற்றியது. நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பெண்கள், சிறுவர், அங்கவீனர் ஆகியோரின் முன்னேற்றத்திற்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்கின்றது. கல்வியில் பின்தள்ளப்பட்ட சமூகம் என்னும் சொல் அதில் இல்லை. எல்லா மட்டத்திலும் சமமான கல்வி வாய்ப்பை உறுதியளிக்கும் 27ஆம் உறுப்புரையோ நீதிமன்றத்திற் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டிக் கோட்பாடு மட்டுமே. இந்தியாவிலும் இதே குறை ஒருகாலத்தில் இருந்தது. சென்னை மாகாணக் கல்லூரிகளின் வகுப்புவாரி ஒதுக்கீட்டை 1951இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், செண்பகம் துரைராசன் வழக்கிலே, செல்லாதென்றது. தமிழகமே கொதித்தெழுந்தது, பெரியார் தெருவிலிறங்கினார். அதே ஆண்டிலே அரசியலமைப்பு திருத்தப்பட்டது. நீதிமன்றத்தில் இழந்ததை மக்கள் மன்றத்திலே மீட்டார்கள். புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், நாம் கேட்க வேண்டிய ஒரு வரி இருக்கின்றது என்பதனை மறவாதீர்கள்.

நாம் செய்ய வேண்டுவது

தோழர்களே! கோரிக்கையை எழுதி அனுப்பிவிட்டு வீட்டில் உறங்கினால், அது ஏட்டுச் சுரைக்காய். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பட்டியல் எழுதுங்கள்: உயர்தரம் வரை சென்றவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர், எந்தப் பாடத்திற்கு ஆசிரியர் இல்லை. அந்தப் பட்டியலே நம் சத்தியக் கடதாசி. அது கையிலிருந்தால் அமைச்சரின் முன்னும் நீதிபதியின் முன்னும் நிமிர்ந்து நிற்கலாம்.

பட்டம் பெற்றவர்களே! மாதத்தில் ஒரு சனிக்கிழமையை உங்கள் பழைய பாடசாலைக்குக் கொடுங்கள். விவசாயப் பெருமக்களே! அறுவடைக்கு ஆள் இல்லையென்று பிள்ளையை வகுப்பிலிருந்து அழைக்காதீர்கள். தாய்மார்களே! சாதாரண தரம் முடிந்ததும் மகளைக் கொழும்பு வீட்டிற்கும் மகனைக் கொழும்புக் கடைக்கும் அனுப்பச் சொல்லி வரும் தரகருக்கு, ‘இன்னும் இரண்டாண்டு பொறு’ என்று சொல்லுங்கள். அந்த இரண்டாண்டை அவர்களுக்குப் பெற்றுக் கொடுக்கும் சுமையை நீங்கள் தனியே தாங்க வேண்டா. உங்களோடு சேர்ந்து தாங்குவதற்கே சமூகமும் இயக்கமும் இருக்கின்றன.

இம்மக்கள் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இரண்டு நூற்றாண்டாக இம்மலைகள் கொடுத்த வருவாயிலே இந்நாட்டின் கல்விக்கூடங்கள் எழுந்தன. ஆகவே எவரேனும் உங்களிடம், ‘உங்கள் பிள்ளைக்கு ஏன் சலுகை?’ என்று கேட்டால் தலைகுனியாதீர்கள். சலுகை கேட்கவில்லை என்று சொல்லுங்கள். எங்கள் பாட்டியும் பாட்டனும் கட்டணத்தை முன்னரே செலுத்திவிட்டார்கள், பற்றுச்சீட்டை வாங்கிச்செல்ல வந்திருக்கின்றோம் என்று சொல்லுங்கள்!